பாடப்புத்தகமும் வேதபுத்தகமும்



"ஐயா, மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று என் மகன் பரீட்சையில் எழுதலாமா? அது தேவனுக்கு விரோதமான பாவம் ஆகாதா?" நகரத்துச் சபைகளில் ஊழியம் செய்யும் போதகர்கள் பலரும் விசுவாசத் தாய்மாரிடமிருந்து இக்கேள்வியைக் கேட்டிருப்பார்கள். மும்பை, டெல்லி, பெங்களூரு என்று பிழைப்பைத் தேடி வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள், வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் பரிணாமக் கொள்கையைக் கற்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தைக் கற்கிறார்கள். பிள்ளைகள் குழம்புகிறார்கள், பெற்றோர் பயப்படுகிறார்கள். பயத்தின் மிகுதியால் சிலர், "அரசாங்கமே அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் நலமாயிருக்கும்" என்றும் சொல்லுகிறார்கள். அப்படிச் சொல்லுவதற்கு முன் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது.

டேட்டன் ஊரில் நடந்த வழக்கு

1925-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. வேதாகமம் கூறும் சிருஷ்டிப்பை மறுத்து, மனிதன் தாழ்ந்த விலங்கினத்திலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் போதிப்பது குற்றம் என்பதே அச்சட்டம். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், டேட்டன் என்னும் சிற்றூரில், ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் இச்சட்டத்தை மீறியதாக விசாரிக்கப்பட்டார். அரசுத் தரப்பில் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டவர்; பக்தியுள்ள கிறிஸ்தவர். ஆசிரியருக்காக வாதாடியவர் கிளாரன்ஸ் டாரோ என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞர்.

டாரோ, பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி வேதாகமத்தைக் குறித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அப்பொழுது பிரையன், சிருஷ்டிப்பின் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்களாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, நீண்ட காலங்களாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். எந்த விளக்கத்தைக் காக்கச் சட்டம் எழுந்தது என்று பலர் எண்ணினார்களோ, அந்த விளக்கத்தில் அச்சட்டத்துக்காக வாதாடியவரே உறுதியாய் நிற்கவில்லை! ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-இல் நடைமுறைக் குறை ஒன்றினால் அத்தீர்ப்பும் நீக்கப்பட்டது. வழக்கு முடிந்த ஐந்தாம் நாளில் பிரையன் அதே ஊரில் நித்திரையில் மரித்தார். சட்டமோ 1967 வரை நீடித்தது.

பிரையனின் கவலை முழுவதும் வீணானதென்று நாம் தள்ளிவிடக் கூடாது. அவ்வழக்கில் அடிபட்ட பாடநூல் 1914-இல் வெளிவந்தது. அது மனுக்குலத்தை ஐந்து இனங்களாகப் பிரித்து, வெள்ளையரை எல்லாருக்கும் மேலாக வைத்தது. பலவீனர் சந்ததி பெருகாமல் தடுக்கவேண்டும் என்றும் போதித்தது. அறிவியலின் பெயரால் மனிதனுக்கு விலை குறித்த போதனை அது. எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது. சகல மனுஷரும் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவர்கள் என்ற சத்தியம் அதற்குச் சரியான மறுமொழி. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட வேதனையை அறிந்த நம் சபைகளுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

தோற்றுப்போன சட்டங்கள்

அதன்பின்பும் அமெரிக்காவில் போராட்டம் ஓயவில்லை. பரிணாமப் பாடத்தைத் தடைசெய்த அர்கன்சாஸ் மாநிலச் சட்டத்தை 1968-இல் உச்சநீதிமன்றம் செல்லாததாக்கிற்று. பரிணாமத்தைப் போதித்தால் அதோடு சிருஷ்டிப்பையும் அறிவியலாகப் போதிக்கவேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டமும் 1987-இல் விழுந்தது. பென்சில்வேனியாவின் டோவர் ஊரில், பள்ளி நிர்வாகக் குழு வேறொரு பெயரில் அதே முயற்சியைச் செய்தபோது, 11 பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஆலயத்துக்குச் செல்லும் விசுவாசிகளும் இருந்தார்கள். 2005 டிசம்பர் 20-ஆம் தேதி நீதிமன்றம் பெற்றோர் பக்கமே தீர்ப்பளித்தது. வழக்குச் செலவுக்காகப் பத்து லட்சம் டாலர் அந்தப் பள்ளிகளின் பணத்திலிருந்து போயிற்று. 80 ஆண்டு வழக்காடியும் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் விசுவாசத்தை நாட்ட எந்தச் சட்டத்தாலும் கூடவில்லை.

நமது தேசத்தில் நடந்தவை

2001-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஜோதிடத்தைப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பாக்க முன்வந்தது. அறிவியலாளர் எதிர்த்து வழக்காடியும், 2004-இல் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 2018 ஜனவரியில், கல்வியைக் கவனித்த மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணை அமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் கண்டதாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டத்தை மாற்றவேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக அதை மறுத்தன.

2023-இல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், "பாரம்பரியமும் பரிணாமமும்" என்றிருந்த அதிகாரம் "பாரம்பரியம்" என்று சுருங்கிற்று. கொரோனா காலத்தில் மாணவரின் சுமையைக் குறைக்கத் தொடங்கிய நடவடிக்கை என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கிறதென்றும் விளக்கம் தரப்பட்டது. ஆனால் பத்தாம் வகுப்புக்குப்பின் உயிரியலை எடுக்காத பிள்ளை அதைக் கற்க வழியில்லையே! அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டு ஆட்சேபித்தார்கள்.

"நல்லதாயிற்று" என்று நம்மில் எவராவது மகிழ்ந்தால், அவர் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. மதநம்பிக்கைக்கு ஏற்றபடி அறிவியல் பாடம் திருத்தப்படலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், யாருடைய நம்பிக்கை உள்ளே வரும்? இந்தத் தேசத்தில் நாம் சிறுகூட்டம். ஆதியாகமம் நுழையட்டும் என்று நாம் திறக்கும் கதவின் வழியாய் ஜோதிடமும் புராணமும் நுழைந்து நம் பிள்ளைகளின் பரீட்சைத் தாளில் அமரும். அப்பொழுது எந்த நியாயத்தைச் சொல்லி மறுப்போம்?

முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற மற்றப் பள்ளிகளிலும், பெற்றோரின் சம்மதமில்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. இப்பிரிவு நமக்கு எதிரானதல்ல. நம் பிள்ளைகளைக் காக்கும் வேலி. அதை நம் கையாலேயே பிடுங்கலாமா?

பாபிலோனில் படித்த நான்கு வாலிபர்

தானியேலையும் அவன் தோழர் மூவரையும் நினைத்துப் பாருங்கள். சொந்த ஊரை விட்டு அந்நிய நகரத்தில் வாழ்ந்தவர்கள். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்கும்படி நியமிக்கப்பட்டவர்கள். அவர்கள் அந்தப் படிப்பை வெறுக்கவில்லை. தேறி, ராஜாவின் முன் முதன்மையாக நின்றார்கள். ஆனால் ராஜபோஜனத்தால் தங்களைத் தீட்டுப்படுத்தவில்லை, பொற்சிலையை வணங்கவுமில்லை. எதைக் கற்கலாம், எதை வணங்கக்கூடாது என்ற பகுத்தறிவு அவர்களுக்கு வாலிபத்திலேயே இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அதுவே தேவை.

பெற்றோர் கவனத்துக்கு

முதலாவது, பாடம் என்ன சொல்லுகிறதென்று அறிந்துகொள்ளுங்கள். இன்றைய குரங்கு மனிதனாயிற்று என்று அது சொல்வதில்லை. வெகு காலத்துக்கு முன் இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்கிறது. புதைபடிவம், உடலமைப்பு, மரபணு ஆகிய சான்றுகளைக் கொண்டு உயிரியல் அறிஞர் இதை ஏற்றிருக்கிறார்கள். இதைக் கற்று எழுதுவது பாவமல்ல. நன்றாய்ப் படித்து எழுதட்டும்.

இரண்டாவது, "ஒன்று அறிவியல், அல்லது கர்த்தர்" என்று பிள்ளையின் முன் வைக்காதீர்கள். பாரம்பரிய விதிகளைப் பட்டாணிச் செடிகளில் கண்டு 1866-இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. 2003-இல் மனித மரபணுத் திட்டத்தை நிறைவேற்றிய குழுவுக்குத் தலைமை வகித்த பிரான்சிஸ் காலின்ஸ், பரிணாமத்தை ஏற்பவர். இயேசு கிறிஸ்துவை விசுவாசிப்பவர். தேவனே சிருஷ்டிகர் என்பது நம் அறிக்கை. எத்தனை காலத்தில், எவ்விதமாய் என்பதில் மெய்யான விசுவாசிகளுக்குள்ளும் பல விளக்கங்கள் உண்டு.

மூன்றாவது, கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். நம்பிக்கையின் காரணத்தைக் கேட்பவர்களுக்குச் சாந்தமாய் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு அப்போஸ்தலர் எழுதினார். வீட்டுக்கு வெளியே இருப்பவருக்குக் காட்டும் சாந்தத்தை வீட்டுப் பிள்ளைக்குக் காட்டலாகாதா? அதட்டப்பட்ட பிள்ளை வாயை மூடும். சந்தேகமோ உள்ளே வளரும்.

நான்காவது, பள்ளிக்கூடத்தின் வேலையைப் பள்ளிக்கூடம் செய்யட்டும். நம் வேலையை நாம் செய்வோம். ஆசிரியர் விசுவாசத்தைக் கற்பிக்கவில்லை என்று முறையிடும் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டா? அலுவலகத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் தகப்பன், பிள்ளையோடு பத்து நிமிஷம் வேதத்தைத் திறக்கிறாரா? நம் பிள்ளைகளின் விசுவாசத்துக்கு அறிவியல் பாடவேளையைப் பார்க்கிலும் பெரிய ஆபத்து, மூடிக்கிடக்கும் வேதபுத்தகமே.

வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தருக்கு ஒரு பாடநூலினால் குறைவு வராது. அவர் நம் பிள்ளைகளுக்குக் கல்வியிலும் ஞானத்திலும் தேர்ச்சியையும், அசையாத விசுவாசத்தையும் தந்தருளுவாராக. ஆமென்.