தவளைக் காலுக்கு டாலர்!

முதல் மழை கொட்டி ஓய்ந்த இரவு. வயலெல்லாம் தண்ணீர். இருட்டில் தவளைகள் கத்துகின்றன. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில்! வீட்டில் படுத்திருப்பவர்கள் தூங்க முடிகிறதா?

கத்துவது ஆண் தவளை. பெண் தவளையை அழைக்கத்தான் இத்தனை ஆரவாரம்!

நமது நாட்டு வயல்களிலும் குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் தவளைகளில் இதுதான் மிகப் பெரியது. ஆறு அங்குல நீளம்கூட வளரும். காளை மாடு முக்காரம் போடுவது போலக் கத்துவதால், ஆங்கிலத்தில் இதற்குக் 'காளைத் தவளை' என்று பெயர்.

மழைக்காலம் வந்ததும் ஆண் தவளை மாப்பிள்ளைக் கோலம் பூணுகிறது. பச்சையும் பழுப்புமாக இருந்த உடம்பு, எலுமிச்சம் பழம் போல மஞ்சளாகிவிடும். கழுத்தின் இருபுறமும் நீல நிறப் பைகள் உப்பும். மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் பெண் தவளை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் குஞ்சுகள் வளர்ந்தாக வேண்டும். வெயில் காலத்தில் தவளை மண்ணுக்குள் பதுங்கிவிடும்.

என்ன சாப்பிடும்?

வாய்க்குள் அடங்குவது எதுவானாலும் சரி! வெட்டுக்கிளி, வண்டு, புழு, நண்டு, சுண்டெலி எல்லாம் உள்ளே போகும். சிறு பாம்பையும் விடாது. பயிரைத் தின்னும் பூச்சியையும் வரப்பைத் துளைக்கும் நண்டையும் பிடித்துத் தின்னும் இந்தக் காவல்காரனுக்கு, விவசாயி சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் காவல்காரனின் காலுக்கு வெளிநாட்டில் விலை இருந்தது!

பெட்ரோமாக்ஸ் வேட்டை

பிரான்சு, அமெரிக்கா முதலிய நாடுகளில் தவளையின் பின்னங்கால் கறி விருந்துப் பண்டம். 1950-களில் கேரளத்திலிருந்து தவளைக் கால் கப்பல் ஏறத் தொடங்கியது. பிறகு மேற்கு வங்காளமும் சேர்ந்துகொண்டது.

வேட்டை இரவில்தான் நடக்கும். 'தவளை தன் வாயால் கெடும்' என்பார்களே, அது அப்படியே பலித்தது. சத்தம் வரும் திசையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு போவார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் தவளை திகைத்து அசையாமல் இருக்கும். அப்படியே அள்ளிச் சாக்கில் போட வேண்டியதுதான்.

பிடித்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கூலிகள். மழை நாளில் வேலை கிடைக்காத வீட்டில், அந்தக் காசில் அடுப்பு எரிந்தது. அவர்களைக் குறை சொல்வது சுலபம்.

பின்னங்கால்களை மட்டும் வெட்டி எடுத்து, ஐஸில் உறைய வைத்து அனுப்பினார்கள். மீதி உடம்பு குப்பைக்கு! பல இடங்களில் உயிரோடு இருக்கும்போதே காலை வெட்டினார்கள் என்பதுதான் கொடுமை.

1980-களின் தொடக்கத்தில் ஒரே வருடத்தில் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதியாயிற்று. ஒரு ஜோடிக் கால் 100 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 4 கோடித் தவளைகள்! அதிலும், வேட்டை நடந்தது முட்டையிடும் பருவத்தில். ஒரு பெண் தவளை போனால், அதன் வயிற்றிலிருந்த ஆயிரக்கணக்கான முட்டைகளும் போயின.

லாபமா? நஷ்டமா?

தவளை குறைந்தால் பூச்சி பெருகும். பூச்சி பெருகினால் மருந்து தெளிக்க வேண்டும். காலை விற்றுச் சம்பாதித்த டாலரைப் பூச்சி மருந்துக்குக் கொடுப்பதா என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அந்த மருந்தே தவளைக்கு எமன். தவளை தோல் வழியாகவும் சுவாசிக்கும். தண்ணீரையும் தோல் வழியாகவே உறிஞ்சும். வயல் நீரில் கலந்த விஷம் நேராக அதன் உடம்புக்குள் இறங்கிவிடும்.

1985-ல், காட்டுப் பிராணிகளின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தத் தவளையும் சேர்க்கப்பட்டது. 1987-ல் இந்திய அரசாங்கம் ஏற்றுமதிக்கே தடை போட்டது. பின்னர் வங்கதேசமும் தடை செய்தது. அதனால் ஐரோப்பியரின் தட்டு காலியாகிவிடவில்லை. இந்தோனேசியத் தவளைகள் அங்கே போகின்றன.

நம் நாட்டிலும் திருட்டு வேட்டை ஓயவில்லை. கோவாவில் தவளைக் கறிக்குக் 'குதிக்கும் கோழி' என்று செல்லப் பெயர் வைத்து ரகசியமாக விற்கிறார்கள். மழை தொடங்கியதும் அங்கே வனத்துறையினர் இரவு ரோந்து போகிறார்கள். வேட்டைக்காரர்களைப் போலவே அவர்களும், தவளை கத்தும் இடத்தைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.