சுவத்துல பூஞ்சை: பெயின்ட் அடிச்சா போயிடுமா?

ஐப்பசி, கார்த்திகை மழையில உங்க ஹாஸ்டல் ரூமைக் கவனிச்சிருக்கீங்களா? பீரோவுக்குப் பின்னாடி கருப்புப் புள்ளிகள், லெதர் பெல்ட்டில் வெள்ளைப் படலம், கதவைத் திறந்ததும் ஒரு மக்கல் வாடை. எல்லாம் பூஞ்சைதான்.

இதன் வித்துகள் காற்றில் எப்பவும் மிதந்துகிட்டே இருக்கும். தூசி, துணி, அட்டை எல்லாமே அதுக்குச் சாப்பாடு. சூடு நம்ம ஊரில் வருஷம் முழுக்க உண்டு. பாக்கி ஈரம்தான். நனைஞ்ச இடம் 48 மணி நேரத்துக்குள் காயலைன்னா, பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும்.

தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு வரலாம். ஆஸ்துமா இருக்கிற ரூம்மேட்டுக்கு வீசிங் அதிகமாகலாம். "மழை ஒத்துக்கலைடா"ன்னு அவன் இன்ஹேலரைத் தேடும்போது, அவன் கட்டிலை ஒட்டின சுவரையும் ஒருமுறை பாருங்க. சுத்தம் பண்ற வேலையை அவனுக்குக் கொடுக்காதீங்க.

மாஸ்க், கிளவுஸ் போட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சு, சோப்புத் தண்ணியால் தேய்ங்க. காய்ஞ்ச பிரஷ்ஷால் சுரண்டினா வித்துகள் ரூம் முழுக்கப் பறக்கும். டைல்ஸுக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும். அதோட ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து. கடைசியில் ஃபேன் போட்டு நல்லா காயவிடுங்க.

மேலேயே பெயின்ட் அடிச்சா? ஓதம் உள்ளேயே இருக்கும், பூஞ்சை திரும்பி வரும். குழாய்க் கசிவு, மொட்டைமாடி விரிசல் இருந்தா வார்டனிடம் எழுதிக் கொடுங்க. ரூமுக்குள்ள கட்டின துணிக்கொடியை இன்னைக்கே வராண்டாவுக்கு மாத்துங்க.