மண் ஈரமா இருந்தும் கொடி வாடுதா? முதல்ல தண்ணியை நிறுத்துங்க!

ஆடிப்பட்டத்தில் விதைத்த பாகலும் பீர்க்கனும் பந்தலேறிக் காய்க்கிற நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. நாலு நாள் மழை; ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில். வேலை முடிந்து மாடிக்குப் போய்ப் பார்த்தால் கொடி துவண்டு கிடக்கும். ‘தண்ணி பத்தலை போல’ என்று பலரும் ஊற்றுகிற அந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் கொடியின் கதையை முடிக்கிறது. வேர் அழுகலும் வறட்சியும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

தண்ணியிலேயே நின்றும் ஏன் வாடுகிறது?

வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் தேங்கினால் காற்று வெளியேறிவிடும், வேர் நலிந்துபோகும். அந்த நேரம் பார்த்து மண்ணில் உள்ள நோய்க்கிருமிகள் தாக்குகின்றன. இவற்றில் முக்கியமானது பித்தியம். பூஞ்சை போலத் தெரிந்தாலும் இது பாசிக்கு நெருங்கிய உறவு. இதன் வித்துகள் தண்ணீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகும். வேர் அழுகிவிட்டால், சுற்றிலும் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கொடியால் உறிஞ்ச முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். சொதசொதவென்று இருந்தால் வேரைச் சந்தேகப்பட வேண்டும்.

• ஓரமாக மண்ணை விலக்கி ஒரு சிறு வேரை இழுத்துப் பாருங்க. நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பு நிறத்தில், தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.

• வேரில் மணி மணியாக முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. அதற்கு வைத்தியம் வேறு.

காப்பாற்ற முடியுமா?

தண்டின் அடிப்பகுதி உறுதியாக இருந்தால் முடியும். முதலில் தண்ணீரை நிறுத்துங்க. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடைபட்ட வடிகால் துளையைக் குத்திவிடுங்க. பறிக்கிற பக்குவத்தில் உள்ள காய்களைப் பறித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். கையுறை அவசியம். அடுத்த அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதைப் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்க.

வளர்ந்த கொடியைப் பிடுங்கி வேறு தொட்டிக்கு மாற்றாதீங்க. வெள்ளரிக் குடும்பத்துக்கு வேரைத் தொட்டாலே ஆகாது. அதற்குப் பதிலாக, நல்லா இருக்கிற ஒரு கணுவைப் புது மண்கலவையில் படியவைத்து மூடுங்க. பூசணி, வெள்ளரிக் கொடிகள் கணுவிலிருந்தே புது வேர் விடும்.

தண்டின் அடி சுற்றிலும் கறுத்து மெத்தென்று ஆகிவிட்டால், இனி பிழைக்காது. வேரோடு எடுத்துக் குப்பையில் போடுங்க. உரக்குழியில் போட்டால் நோய் அடுத்த பட்டத்துக்கும் வரும்.

வராமல் தடுக்க...

தேங்காய் நார்க்கழிவு தண்ணீரை நிறையப் பிடித்துவைக்கும். அதனால் மழைக்காலக் கலவையில் அதைக் குறைத்து, மணலைக் கொஞ்சம் கூட்டுங்க.

ஒரு கிலோ மக்கிய தொழு உரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, லேசாக ஈரம் தெளித்து நிழலில் சில நாள் வைத்திருந்து, விதைக்கும் முன் மண்ணில் சேர்க்கலாம். நோய்க்கிருமிகளைத் தின்னும் நல்ல பூஞ்சை இது. செம்பு மருந்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது; 15 நாள் இடைவெளி விடுவது நல்லது.

போன வருஷம் கொடி அழுகிய தொட்டியில் மறுபடியும் கொடிக்காய் வேண்டாம், கீரை போடலாம். அந்த மண்ணை ஏப்ரல், மே வெயிலில் ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் நாலு வாரமாவது இறுக்கி மூடிவைத்தால் கிருமிகள் பெருமளவு குறையும்.

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால், தொட்டியின் அடித்துளையைப் பாருங்க. பாதி வைத்தியம் அங்கேதான் இருக்கு.