ஆராய்ச்சிக் கூடங்களில் மகளிர்

கல்விச் சாலைகளின் கதவுகள் மகளிர்க்குத் திறந்துவிட்டன; இனி அறிவியற்றுறையில் அவர்தம் உயர்வுக்குத் தடை யாதுளது என வினவுவோர் பலர். உட்புகுதல் வேறு; புகுந்தபின் படிப்படியாக உயர்தல் வேறு. இவ்வேற்றுமையை விளக்க அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த வரலாறொன்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மாசச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் உலகப் புகழ் வாய்ந்தது. நான்சி ஹாப்கின்ஸ் எனும் உயிரியல் அறிஞர் 1973-ஆம் ஆண்டு முதல் அங்கே ஆசிரியராக விளங்கியவர். வரிக்குதிரை மீன் எனப்படும் சிறுமீனைக்கொண்டு கருவளர்ச்சியை ஆராயத் தொடங்கிய அவர், மீன்தொட்டிகள் வைப்பதற்கு 200 சதுர அடி இடம் கூடுதலாக வேண்டினார்; கிடைத்திலது. தமக்குரிய இடம் பிறரினும் குறைவென அவர் கூறியதையும் மேலோர் ஏற்றிலர். அதனால், 1993-ஆம் ஆண்டில், அவ்வம்மையார் அளவு நாடாவொன்றைக் கையிலேந்தி ஆராய்ச்சி அறைகளை ஒவ்வொன்றாக அளக்கலானார். தமக்கிருந்த இடம் சுமார் 1,500 சதுர அடியாக, தம்மினும் இளைய ஆடவர்க்குச் சுமார் 2,000 சதுர அடி இருக்கக் கண்டார்.

பின்னர்த் தம் குறையைக் கழகத் தலைவர்க்கு ஒரு மடலாக வரைந்து, உடனாசிரியை ஒருவரிடம் காட்டினார். அவரோ, தாமும் அதிற் கையொப்பமிட விரும்புவதாகக் கூறினார். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே நேர்ந்ததென எண்ணி மறைத்துவைத்த குறை, பலர்க்கும் பொதுவானதென அப்பொழுதே வெளிப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் அக்கழகத்தின் அறிவியற் பிரிவில் நிரந்தரப் பதவி பெற்ற ஆடவர் 194 பேர். மகளிரோ 15 பேரே.

இதனை ஆராயக் குழு ஒன்று அமைந்தது. அதன் அறிக்கை 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஊதியம், இடம், பரிசில்கள், முடிவு செய்யும் குழுக்களில் பங்கு ஆகிய பலவற்றிலும் மூத்த மகளிர் பின்தள்ளப்பட்டமை அதனாற் புலனாயிற்று. இளைய ஆசிரியைகளோ தமக்குக் குறையில்லை என்றே கருதினர். பதவி உயர உயரவே வேற்றுமை தலைகாட்டியது. எவரும் பகைமையால் வகுத்த திட்டமன்று இது. ஆண்டுதோறும் எடுத்த சிறுசிறு முடிவுகள் திரண்டு பெருஞ்சுவராயின. கழகத் தலைவர் சார்லஸ் வெஸ்ட் உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஊதியமும் இடமும் திருத்தப்பெற்றன.

நிற்க. இஃது ஒருவர்தம் உரிமைபற்றிய வழக்கு மட்டுமன்று. இடமின்றி இடர்ப்பட்ட அம்மீனாராய்ச்சியே பின்னர் விரிந்து வளர்ந்து, கரு உருவாதற்கு இன்றியமையாத 315 மரபணுக்களை இனங்கண்டு 2004-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தது. அந்த இடம் இறுதிவரை மறுக்கப்பட்டிருப்பின் இழப்பு அறிவுலகத்திற்கேயன்றோ?

ஆதலின், ஆராய்ச்சிக் கூடமொன்றில் மகளிர் நிலையை அறிய விழைவோர், சேர்ந்தோர் தொகையை மட்டும் எண்ணி அமைதலாகாது. பத்தாண்டு, இருபதாண்டு கழிந்தபின் அவர் பெற்ற பதவி யாது, ஊதியம் எவ்வளவு, இடம் எத்துணை என்பவற்றையும் அளந்தறிதல் வேண்டும். அளவைக் கருவிகளால் இயற்கையை ஆராயும் அறிஞர்க்குத் தம் இல்லத்தையும் அவ்வாறே அளந்து நோக்குதல் அரிய செயலாகாது என்பது எம் துணிபு.