குரலுக்கு முதலிடம்

அலுவலகத்தில் அதிகாரியொருவருடன் காணொளி அழைப்பில் பேசும்போது, பக்கத்துக் கணினியில் ஒருவர் புகைப்படங்களை அனுப்பத் தொடங்கினால் குரல் துண்டுபடுகிறது. அவர் சொன்ன திகதி காதில் விழாமற் போனால் அலைச்சல் நமக்குத்தான். வேகமான இணைப்பு வாங்கும்படி சொல்வார்கள். அதற்குமுன் ரவுட்டரைப் பாருங்கள்.

குரல் சிறு சிறு பொதிகளாகவே இணையத்தில் செல்கிறது. அவை 150 மில்லி செக்கனுக்குள் மறுமுனையை அடைந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். புகைப்படம் பிந்தினால் நட்டமில்லை. பிந்திவரும் குரலையோ கணினியே தள்ளிவிடும்.

பல ரவுட்டர்களில் ‘கியூ.ஓ.எஸ்.’ எனும் பகுதியில் அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம்; செலவில்லை. அங்கே பதிவேற்ற வேகத்தை, உண்மையில் கிடைப்பதிலும் சற்றுக் குறைத்துக் குறிப்பிடவேண்டும். இல்லையேல் நெரிசல் ரவுட்டருக்கு வெளியே போய்விடும், முன்னுரிமை பயன்தராது. அந்தப் பகுதி இல்லாத ரவுட்டரென்றால், அழைப்பு முடியும்வரை படங்களை அனுப்பாதிருக்கச் சொல்லுங்கள்.