துணி போர்த்திய பழைய விமானத்தை வாங்கலாமா?

ஆகாய விமானம் என்றவுடன் அலுமினியத் தகட்டாலான பளபளப்பான உடலே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. துணி போர்த்திய உடலோடும் இறக்கைகளோடும் பறக்கும் சிறு விமானங்களும் உண்டு என்பதையும், அவற்றுள் ஒரு வகை நம் பெங்களூரிலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது என்பதையும் நேயர்களுள் பலர் அறியாதிருக்கலாம். அந்த விமானத்தின் பெயர் புஷ்பக்.

நான் காக்ஸ் டவுனை அடுத்த ஜீவனஹள்ளியில் வசிப்பவன். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து எழும் இரைச்சலை மொட்டை மாடியில் நின்று கேட்பதோடு விமானங்களுடன் எனக்கிருந்த உறவு முடிந்துவிட்டது. அவ்வாறிருக்க, என் மனைவியின் தமையனார் சென்ற ஆண்டு வந்து, தாம் ஒரு புஷ்பக் விமானத்தை விலை பேசியிருப்பதாகச் சொன்னார். இளமையில் அவர் பறக்கக் கற்றது அந்த விமானத்தில்தான். விருப்ப ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் பெரும்பங்கு அதற்குச் செல்லவிருந்தது. பல்லாண்டுகளாக ஒரு கொட்டகையில் முடங்கிக் கிடந்த விமானம் அது. பழுது பார்க்க வேண்டும் என்று விற்பவரே ஒப்புக்கொண்டார். கேட்ட விலையோ ஒரு நடுத்தரக் காரின் விலையைவிடக் குறைவு. "மாப்பிள்ளை, நீங்கள் காகிதங்களை மட்டும் படித்துச் சொன்னால் போதும்" என்றார். அந்த வேலையின் வழியே நான் அறிந்துகொண்டவற்றையே இங்குக் கூறுகிறேன்.

முதலில் அந்த விமானத்தைப் பற்றிச் சில சொற்கள். வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் சமஸ்தானத்தின் ஒத்துழைப்பாலும் 1940ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில், வி. எம். காட்கே என்னும் பொறியாளரின் தலைமையில் உருவானது புஷ்பக். 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அது முதன்முறையாகப் பறந்தது. அமைப்பில் அமெரிக்காவின் ஏரோங்கா சீஃப் என்ற விமானத்தைப் பெரிதும் ஒத்தது. அருகருகே இருவர் அமரலாம். 90 குதிரைத் திறன் கொண்ட காண்டினென்டல் எஞ்சின் அதை இழுத்துச் செல்லும். நாடெங்குமுள்ள விமானப் பயிற்சிச் சங்கங்களில் ஒரு தலைமுறையினருக்கே அது ஆசானாக விளங்கியது.

இத்தகைய விமானத்தின் உடல், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. அதன்மீது துணியைப் போர்த்தி, 'டோப்' என்னும் ஒருவகைக் குழம்பைப் பல முறை பூசுவார்கள். டோப் உலர உலரத் துணி சுருங்கி, மத்தளத்தின் தோல்போல் விறைத்து நிற்கும். பருத்திக்குப் பெரும் பகை சூரிய ஒளியே. ஆதலால் இடையில் அலுமினியப் பொடி கலந்த வெள்ளிநிற டோப்பைப் பூசி, ஒளி உட்புகாமல் தடுப்பார்கள். வண்ணம் அதற்கும் மேலேதான் வரும். வெயிலை நேரே வாங்கும் மேற்பரப்பு முதலில் நலிவுறும். கரிய வண்ணம் பூசிய இடங்கள் அதனினும் விரைவில் நலிவுறும்.

துணியின் வலிமையைக் கண்ணால் அளக்க இயலாது. அமெரிக்க விமானத் துறையின் கைநூல், முதல்தரப் பருத்தித் துணியை ஓர் அங்குல அகலப் பட்டையாக வெட்டி இழுத்தால் 80 ராத்தல் இழுவையைத் தாங்க வேண்டும் என்கிறது. 56 ராத்தலுக்குக் கீழே இறங்கிவிட்டால் அது பறக்கத் தகுதியற்றது. வேகம் குறைந்த சிற்றினங்களுக்கு இந்த அளவுகள் சற்றே தளர்த்தப்பட்டுள்ளன. பட்டையாக வெட்டாமல், ஊசிமுனை போன்ற கருவி ஒன்றைத் துணியில் அழுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு. கருவியை நல்ல நிலையிலுள்ள அடிப்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "பலமாக இருக்கிறது" என்று சொல்பவர்களும் உண்டு என்று எங்கள் தெருவில் வாழும் ஓய்வு பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். மைத்துனருக்குத் துணையாக வந்தவர் அவர்தான்.

துணி கிழிந்தால் மாற்றிவிடலாம். அஞ்ச வேண்டியது துணி மறைத்து வைத்திருக்கும் பொருளைப் பற்றியே. புஷ்பக் வாலில் சிறு சக்கரம் உடையது. நிற்கும்போது வால் தாழ்ந்திருக்கும். கூரை ஒழுகினாலும் காற்றின் ஈரம் படிந்தாலும் நீர் வழிந்து வாலின் அடிக்குழாய்களில் வந்து தேங்கும். அது வடிவதற்கென அடித்துணியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். வண்ணம் பூசுகிறவர் அறியாமல் அவற்றை அடைத்துவிட்டால், குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். எலிகளும் இறக்கைக்குள் குடியேறும். அவற்றின் சிறுநீர் உலோக விலாக்களை அரித்துவிடும். இவ்வகை விமானங்களில் இறக்கையின் உத்தரம் மரத்தாலானதாக இருந்தால், என்றோ இறக்கை நுனி தரையில் மோதியபோது ஏற்பட்ட மயிரிழை போன்ற விரிசல் துணிக்குள்ளே உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

எடையும் கவனிக்கத்தக்கது. எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடமிருக்கும் என்று புராணத்துப் புஷ்பக விமானத்தைப் பற்றிச் சொல்வார்கள். பெங்களூர்ப் புஷ்பகத்துக்கு அந்த வரம் கிடையாது. அதன் வெற்று எடை சுமார் 395 கிலோ. மொத்தமாக 612 கிலோ வரை பறக்கலாம். இடையிலுள்ள 217 கிலோவில் 75 கிலோ எடையுள்ள இருவர் அமர்ந்தால் எஞ்சுவது 67 கிலோ. எரிபொருள், எண்ணெய், பெட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலும் மேலும் பூசியும் ஒட்டுப் போட்டும் வந்ததால் 20 கிலோ கூடியிருப்பதாகக் கொள்வோம். அது 28 லிட்டர் பெட்ரோலின் எடை. அந்த எஞ்சினுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறப்பு. ஆகவே பழைய எடைச் சான்றை நம்பாமல், விமானத்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதே முறை.

எஞ்சினைப் பற்றி விற்பவர் பெருமையாகச் சொன்னது: "முழுப் பழுது பார்த்தபின் 300 மணி நேரமே ஓடியது." இவ்வகை எஞ்சினை 1,800 மணி ஓட்டத்துக்கு ஒரு முறை முழுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. மணிக்கணக்கோடு ஆண்டுக்கணக்கும் உண்டு. 12 ஆண்டுகள் கடந்தாலும் பிரிக்க வேண்டும். ஓடாத எஞ்சினில் உருளைகளின் உட்சுவரிலுள்ள எண்ணெய் வடிந்துபோய்த் துரு ஏறும். அந்த 300 மணி நேரம் முடிந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டபோது விடை வரவில்லை.

இனி என் பங்கு. விமானத்துக்கும் எஞ்சினுக்கும் தனித்தனியே பதிவேடுகள் உண்டு. ஒவ்வொரு பழுதும், அதைச் செய்தவரின் கையொப்பமும் உரிம எண்ணும் அவற்றில் இடம்பெற வேண்டும். மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்பிட்டு விடுபட்ட வரியைக் கண்டுபிடிப்பது என் அன்றாடத் தொழில். இரு இரவுகள் அமர்ந்து படித்தேன். ஓரிடத்தில் ஏழு மாதம் பதிவே இல்லை. அதற்கு முன்னர் ஒரு புரொப்பெல்லர். பின்னர் வேறொரு புரொப்பெல்லர். மாற்றியதற்குக் காரணம் எழுதப்படவில்லை. பொறியாளரிடம் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மூக்கு மண்ணில் குத்தியிருக்கும்" என்றார்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. பதிவுச் சான்று வேறு, பறக்கும் தகுதிச் சான்று வேறு. முன்னது இருந்து பின்னது இல்லாவிடில், வாங்கிய விமானத்தை இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். இக்காலத்தில் பருத்திக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் 350 டிகிரி பாரன்ஹீட் வரை சூடேற்றிச் சுருக்குகிறார்கள். அது பருத்தியைவிட நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதுவும் அமைப்பில் ஒரு மாற்றமாதலால் ஒப்புதல் பெற்றே செய்ய வேண்டும். ஒரு விமானத்துக்குப் புதுத்துணி போர்த்தச் சில நூறு மணி நேர உழைப்பு தேவை. விற்பவர் கேட்ட விலை, செலவுப் பட்டியலின் முதல் வரியாகவே நின்றது.

பொறியாளர் மைத்துனருக்குச் சொன்ன யோசனை எளியது. துணிக்கு விலை வைக்காதீர்கள். அது முழுதும் கழிவென்று எண்ணிக் கூட்டுக்கும் காகிதங்களுக்கும் மட்டும் விலை வையுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், வாலின் அடியிலும் இறக்கைத் தாங்கிகள் பொருந்தும் இடங்களிலும் துணியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள்; திறந்ததை மூடும் செலவு உங்களுடையது. விற்பவர் மறுத்தால் அம்மறுப்பையே விடையாகக் கொள்ளுங்கள்.

விற்பவர் மூன்று வாரம் கழித்து இசைந்தார். மூவரும் சென்றோம். வாலின் அடித்துணியைக் கீறியதும் உலர்ந்த புல்லும் எலிக்கூடும் சரிந்து விழுந்தன. குழாயில் துரு இருந்தது. ஆனால் கூர்முனைக் கருவியால் குத்தியபோது துளை விழவில்லை. மைத்துனரின் முகம் மலர்ந்தது. பின்பு எஞ்சினைத் தாங்கும் பகுதியை அடுத்த துணியைத் திறந்தார் பொறியாளர். அங்கே ஒரு குழாயின்மேல் மற்றொரு குழாய்த் துண்டு உறைபோல் செருகிப் பற்றவைக்கப்பட்டிருந்தது. வேலை நேர்த்தியானதுதான். ஆயினும் அதைச் செய்தவர் யார், எந்நாளில், எவ்வகை எஃகில் என்பதற்குப் பதிவேட்டில் ஒரு சொல்லும் இல்லை. நான் கண்ட ஏழு மாத வெற்றிடம் அதுவே.

திரும்பும் வழியில் மைத்துனர் நெடுநேரம் சன்னல் புறமே பார்த்திருந்தார். பயிற்சிக் காலத்தில் அதேபோன்ற விமானத்தில் தனியே பறந்த முதல் நாளைப் பற்றிச் சற்றுப் பேசினார். வீடு வந்ததும் காகிதம் கேட்டார். கூட்டை முழுவதும் பிரித்துச் சோதித்து ஒப்புதல் பெறும் செலவையும், எஞ்சினைப் பிரிக்கும் செலவையும் கழித்து, கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு தருவதாக எழுதினார். கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தவன் நான். ஐந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் பதில் வரவில்லை.