மருந்தென்று சொல்லி விற்ற நஞ்சு

கண்டி - மஹியங்கனை வீதியில், ஹுன்னஸ்கிரியவில் எனக்கொரு சில்லறைக் கடை உண்டு. இரண்டாயிரமாம் ஆண்டளவில் அரிசி, பருப்பு, சீனியோடு களைநாசினியும் விற்றேன். தேயிலைக் காணிக்காரர்களும் மீமுரேப் பக்கத்து வயல்காரர்களும் "களைக்கு மருந்து தாங்க நானா" என்று கேட்டு வருவார்கள். நாமும் மருந்தென்றே சொல்லிக் கொடுத்தோம். அது பராக்குவாட் என்ற கடும் நஞ்சு.

முழுப் போத்தல் வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது அந்நாளைய வழக்கம். கடையில் நின்ற பையன் வெறுங்கையால் அந்த வேலையைச் செய்தான். சில மாதங்களில் அவனுடைய விரல் நகங்கள் வெளுத்து, பின் இரண்டு நகங்கள் கழன்றே விட்டன. சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "கையில் என்ன பிடிக்கிறாய்?" என்பதுதான். குற்றவாளி நானென்று அப்போதுதான் விளங்கியது. அந்த வேலையிலிருந்து அவனை நிறுத்தினேன். நகங்கள் மீண்டும் வளர்ந்தன.

நகம் வளரும், நுரையீரல் வளராது. உடம்புக்குள் போன பராக்குவாட் நுரையீரலில் சேர்ந்து, அதைத் தழும்பாக்கி, மூச்சை அடைத்துவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. செறிந்த திரவம் ஒரு வாய் போனாலே உயிர் போகலாம். முதுகிலுள்ள டேங்க் ஒழுகி, நனைந்த சட்டையோடும் தோலில் புண்ணோடும் மணிக்கணக்கில் வேலை செய்தவர்கள் இறந்ததும் உலகில் பதிவாகியிருக்கிறது.

நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் பதிவாளர் அலுவலகம் தூரத்தில் இல்லை, பேராதனை கெட்டம்பேயில்தான். 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் பராக்குவாட்டுக்கான அனுமதியை ரத்துச் செய்தது. இலங்கை 2008இல் தொடங்கி 2011க்குள் அதைப் படிப்படியாக நிறுத்தியது. வியாபாரம் படுத்துவிடுமென்று அப்போது நானும் பயந்தேன். படுக்கவில்லை. வேறு சாமான் அந்தத் தட்டுக்கு வந்தது.

ஆனால் தட்டு மாறியதே தவிர, பழக்கம் மாறியதா? கிளைபொசேட் 2015இல் தடையாகி, 2022இல் தடை நீங்கியது. சட்டம் இப்படி மாறி மாறி வரும். நமது பொறுப்பு மாறாது.

வியாபார சகோதரர்களே, உரிமம் இல்லாமல் இவற்றை விற்க வேண்டாம். லேபல் இல்லாத போத்தலை யார் மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். பிரித்து ஊற்றிக் கொடுப்பதை அடியோடு விடுங்கள். உணவுச் சாமானுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனி அறையில் பூட்டி வையுங்கள். தூக்கி இறக்கும் பையனுக்குக் கையுறை கொடுங்கள். மேலில் பட்டால் உடனே உடுப்பைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். 1990 அம்பியூலன்ஸ் சேவைக்குக் காசு இல்லை.

ஒரு சோடி கையுறையின் விலை அன்றும் பெரிதல்ல. அந்தச் செலவை மிச்சம் பிடித்த நான், அதை ஒரு பிள்ளையின் விரலில் அல்லவா மிச்சம் பிடித்தேன்? கடைக் கணக்கில் அது வராது. வேறொரு கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.